உறையில் ஒரு பெயர், மடலில் ஒரு பெயர்

காலையில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால் ஒரு மிரட்டல் மடல். ‘உன் கணினி இப்போது என் கையில். கேட்ட பிட்காயினை அனுப்பாவிட்டால் உன் படங்கள் ஊர் முழுக்கப் போகும்’ என்கிறது. இந்த மோசடி பல ஆண்டுகளாக உலகெங்கும் சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்தவர்கூட, அனுப்புநர் பெயரைப் பார்த்ததும் ஒரு கணம் ஆடிப்போவார். அங்கே இருப்பது அவருடைய சொந்த முகவரி! ‘உன் கணக்கிலிருந்தே உனக்கு எழுதியிருக்கிறேன், இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?’ என்று கேட்கிறது மடல்.

கடவுச்சொல் களவு போய்விட்டதா? பெரும்பாலும் இல்லை. மிரட்டியவர் அந்தக் கணக்கின் வாசலைக்கூட மிதித்திருக்கமாட்டார். அனுப்புநர் என்ற இடத்தில் ஒரு வரி எழுதினார், அவ்வளவுதான்.

அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், வழக்கமாக அதை எழுதுவது யார்? கைப்பேசியில் மடல் அனுப்புகிறவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. எல்லாம் திரைக்குப் பின்னால் முடிந்துவிடுகிறது. யூனிக்ஸ் குடும்பத்துக் கணினிகளில், அதாவது லினக்ஸ், பிஎஸ்டி போன்றவற்றில், பெட்டியின் மூடி திறந்தே கிடக்கிறது. எந்த நிரல் எந்த வரியை எப்போது ஒட்டுகிறது என்பதை எட்டிப் பார்க்கலாம், மாற்றலாம், கெடுக்கவும் செய்யலாம்.

விடுப்புக் கடிதம் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில் பள்ளியில் படித்த எவருக்கும் இந்த வடிவம் கைப்பழக்கம். மேலே ‘அனுப்புநர்’, அடுத்து ‘பெறுநர்’, பிறகு ‘பொருள்’, அதற்கப்புறம் ‘மதிப்பிற்குரிய ஐயா’. (பழைய பாடநூல்களில் அனுப்புநருக்கு ‘விடுநர்’ என்று பெயர்.) எழுதி முடித்த தாளை மடித்து உறையில் போட்டால், உறையின் மேலும் முகவரி எழுத வேண்டும். ஒரே தகவலை எதற்கு இரண்டு முறை எழுதுவது என்று அந்த வயதில் சலித்துக்கொண்டவர்கள் உண்டு.

சலிப்பு நியாயமானதுதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உறை தபால்காரருக்கு. உள்ளே இருப்பது படிப்பவருக்கு. தபால்காரர் உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் அனுப்புநரும் வெளியே இருக்கும் அனுப்புநரும் ஒருவர்தானா என்று சரிபார்ப்பதில்லை.

மின்னஞ்சலும் இதே அமைப்புதான். மடலின் உச்சியில் ஃப்ரம், டு, சப்ஜெக்ட் என்று வரிசையாகச் சில வரிகள், ஒரு வெற்று வரி, அதன்பின் செய்தி. உச்சியில் நிற்கும் இந்த வரிகளைத் ‘தலைவரிகள்’ என்று அழைப்போம். இவை தாளில் எழுதியவை. இவை தவிர, மடலுக்கு வெளியே, யார் கண்ணிலும் படாத ஓர் உறையும் உண்டு. அதிலும் ஓர் அனுப்புநர் இருக்கிறார்.

இரண்டையும் பிரித்து வைத்தவர்களின் பெயரும் பதிவாகியிருக்கிறது. 1982 ஆகஸ்டில் இணையத்தின் விதி ஆவணங்கள் இரண்டு அடுத்தடுத்த எண்களில் வந்தன. 821-ஆம் ஆவணத்தை எழுதியவர் ஜான் போஸ்டல்; அது உறையைப் பற்றியது, அதாவது மடலை ஒரு கணினி இன்னொன்றிடம் எப்படிக் கையளிக்க வேண்டும் என்பது. 822-ஐ எழுதியவர் டெலவேர் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் கிராக்கர். அது தாளைப் பற்றியது. பிறகு பலமுறை திருத்தப்பட்டாலும் அந்தப் பிரிவினை இன்றுவரை மாறவில்லை. 2008-இல் திருத்திய விதியின்படி ஒரு மடலுக்குக் கட்டாயமான தலைவரிகள் இரண்டே இரண்டு: தேதி, ஃப்ரம். பெறுநர் வரிகூடக் கட்டாயம் இல்லை. அது உறையில் இருந்தால் போதும்.

இரண்டு கணினிகளின் பேச்சு

மடல் கைமாறும்போது இரண்டு சர்வர்களுக்கு இடையே நடக்கும் பேச்சை ஒட்டுக்கேட்டால் விஷயம் பளிச்சென்று தெரியும். அனுப்பும் கணினி முதலில் ‘ஹெலோ’ சொல்லித் தன் பெயரைச் சொல்கிறது. மறுமுனை 250 என்கிறது. ‘சரி’ என்று பொருள். அடுத்து அனுப்பும் கணினி ‘மெயில் ஃப்ரம்’ என்று சொல்லி ஒரு முகவரி தருகிறது. 250. ‘ஆர்சிபிடி டு’ என்று பெறுநரைச் சொல்கிறது. 250. இதுவரை பேசியதுதான் உறை.

அடுத்து ‘டேட்டா’ என்கிறது. மறுமுனை 354 சொல்கிறது: ‘கொட்டு, வாங்கிக்கொள்கிறேன்.’ தலைவரிகள், வெற்று வரி, செய்தி எல்லாம் மொத்தமாகப் போகின்றன. கடைசியில் ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் வந்தால் மடல் முடிந்தது. இந்தக் குவியலுக்குள் ஃப்ரம் என்று எந்த முகவரி இருந்தாலும் 1982-ஆம் ஆண்டின் விதிப்படி கையளிப்பவருக்கு அதில் அக்கறை இல்லை. அது சரக்கு. ஏற்றி இறக்குவதுதான் வேலை.

உறை என்ன ஆகிறது? கடைசி சர்வர் மடலைப் பெட்டியில் போடும்போது உறையைக் கழற்றி எறிந்துவிடுகிறது. ஆனால் அதில் இருந்த அனுப்புநர் முகவரியை மட்டும் ‘ரிட்டர்ன் பாத்’ என்ற தலைவரியாக மடலின் உச்சியில் எழுதி வைக்கிறது. மடலைச் சேர்க்க முடியாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி அதுதான்.

திரும்பி வரும் மடலுக்கு உறையில் அனுப்புநரே இருக்கமாட்டார். அந்த இடம் காலியாக விடப்படும். இது மறதி அல்ல. திரும்பிய மடலும் சேராமல் மறுபடி திரும்பினால், இரண்டு சர்வர்கள் ஒன்றை ஒன்று பார்த்து முடிவில்லாமல் பந்தாடிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்கத்தான் இந்த வெற்றிடம்.

முகவரி பிறக்கும் இடம்

1971-இல் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மடல் அனுப்பினார். இரண்டும் ஒரே கட்டடத்தில் அருகருகே நின்றவை. ஆள் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க @ குறியை அவர் தேர்ந்தெடுத்தார். அன்றைய முகவரிக்குப் பொருள் நேரானது: இன்ன கணினியில் கணக்கு வைத்திருக்கும் இன்ன ஆள். அதே ஆண்டு நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே மெயில் என்ற கட்டளை இருந்தது.

யூனிக்ஸ் அந்த நேர்ப்பொருளை இன்றும் விடவில்லை. யாராவது ஒரு மடலை எழுதி ஃப்ரம் வரி இல்லாமல் நீட்டினால், கணினி தானே அதை எழுதிக்கொள்கிறது. புகுபதிகை செய்த கணக்கின் பெயர், ஒரு @, தன் பெயர்: முகவரி தயார். எவரையும் கேட்பதில்லை, கேட்கத் தேவையும் இல்லை என்று எண்ணிய காலத்தில் எழுதிய பழக்கம் அது.

முகவரிக்கு முன்னால் வரும் மனிதப் பெயர் வேறிடத்திலிருந்து வருகிறது. பயனர் கணக்குகளைப் பட்டியலிடும் ‘பாஸ்வட்’ கோப்பில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரி உண்டு. அதன் 5-ஆவது கட்டத்துக்கு ‘கெகோஸ்’ என்று பெயர். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பழைய இயங்குதளம் ஒன்றின் பெயர் அது. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ்காரர்கள் அச்சு வேலையை அந்த இயங்குதளம் ஓடிய பெரிய கணினிக்கு அனுப்பி வந்தார்கள். அங்கே காட்ட வேண்டிய அடையாளத்தை வைக்க இந்தக் கட்டம் பயன்பட்டது. அந்தக் கணினி காட்சிப்பொருளாகிப் போன பிறகும் கட்டத்தின் பெயர் தங்கிவிட்டது.

லினக்ஸில் புதிய கணக்கு திறந்தவர்களுக்கு நினைவிருக்கலாம்: முழுப்பெயர் என்ன, அறை எண் என்ன, அலுவலகத் தொலைபேசி எது, வீட்டுத் தொலைபேசி எது என்று ஆட்யூசர் நிரல் கேட்கும். வீட்டு மடிக்கணினிக்கு அறை எண் எதற்கு என்று அலுத்து, எல்லாவற்றுக்கும் என்டரைத் தட்டிவிட்டுப் போகிறவர்களே அதிகம். அந்தத் தட்டலில்தான் மடலில் வர வேண்டிய பெயர் காணாமல் போகிறது.

ஓர் இடைவெளியும் ஒரு முக்காற்புள்ளியும்

பழைய யூனிக்ஸில் ஒருவருக்கு வந்த மடல்கள் எல்லாம் ஒரே கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேரும். ஒரு மடல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு மடலும் ‘ஃப்ரம்’ என்ற சொல்லில் தொடங்கும் வரியோடு ஆரம்பமாகும். அதன்பின் ஓர் இடைவெளி, உறையில் இருந்த முகவரி, தேதி.

அதற்குக் கீழே சில வரிகள் தள்ளி இன்னொரு ஃப்ரம் வரும். இதற்கு முன்னால் இருப்பது உறை, இது தாள். வேறுபாடு என்னவென்றால், முதல் ஃப்ரமுக்குப் பின் இடைவெளி, இரண்டாவதற்குப் பின் முக்காற்புள்ளி. இந்தக் கடுகளவு வித்தியாசத்தைக் கவனிக்காமல் மண்டையை உடைத்துக்கொண்ட கணினி நிர்வாகிகள் ஏராளம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. செய்தியின் நடுவே ஒரு வரி தற்செயலாக ஃப்ரம் என்று தொடங்கினால், நிரல் அதைப் புது மடல் என்று எண்ணிவிடும். அதைத் தவிர்க்க, அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு ‘>’ குறியைச் செருகிவிடுவார்கள். ஆங்கில மடல்களில் காரணமே இல்லாமல் ஒரு வரியின் தொடக்கத்தில் அந்தக் கூர்முனை நிற்பதைப் பார்த்திருந்தால், அது அரை நூற்றாண்டுப் பழக்கத்தின் தழும்பு.

மலர் அனுப்பிய மடல்

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு லினக்ஸ் கணினி. அதன் பெயர் குருவி. அதில் ஒரு மாணவிக்குக் கணக்கு; கணக்கின் பெயர் மலர். அவருக்கு ஒரு டொமைனில் முறையான அஞ்சல் முகவரியும் உண்டு: மலர்@எக்ஸாம்பிள்.காம். (உண்மையில் ஆங்கில எழுத்தில் இருப்பவற்றை இங்கே தமிழில் எழுதியிருக்கிறோம். எக்ஸாம்பிள்.காம் என்பது இப்படி விளக்கம் எழுதுகிறவர்களுக்காகவே 1999-இல் ஒதுக்கி வைத்த பெயர். இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் வீட்டு வாசலில் உலகத்தின் பயிற்சி மடல்கள் எல்லாம் குவியும்.)

அந்தக் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் நிரல் இருக்கிறது. ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்ஸே வெனிமா எழுதி 1998-இல் வெளியிட்டது அது. நிறுவியவர் எதையும் மாற்றாமல் விட்டுவிட்டார். மலர் மெயில் கட்டளையைக் கொண்டு பேராசிரியருக்கு நான்கு வரி எழுதி அனுப்புகிறார். திரை எதுவும் சொல்லவில்லை. யூனிக்ஸில் மௌனம் என்றால் சம்மதம். மடல் போய்விட்டது என்று அவர் எழுந்து போகிறார்.

உள்ளே நடந்தது வேறு. போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தன் கணினியின் பெயர் குருவி என்று மட்டும் தெரியும்; அது எந்த டொமைனைச் சேர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. தெரியாதபோது ‘லோக்கல்டொமைன்’ என்று ஒட்டிக்கொள்வது அதன் வழக்கம். ஆக, உறையிலும் தாளிலும் மலர்@குருவி.லோக்கல்டொமைன் என்று எழுதிக்கொண்டு கிளம்பியது மடல்.

பேராசிரியரின் சர்வர் உறையைப் பார்க்கிறது. இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் தேடுகிறது. அப்படி ஒரு டொமைன் உலகத்திலேயே இல்லை. திரும்பக்கூட முடியாத மடலை எதற்கு வாங்குவது? ‘அனுப்புநர் முகவரி மறுக்கப்பட்டது, டொமைன் காணவில்லை’ என்று சொல்லி 450 என்ற எண்ணைத் தருகிறது. 450 என்றால் ‘இப்போது இல்லை, பிறகு வா’ என்று பொருள். பெயர்ப் பதிவேடு தற்காலிகமாகக் கெட்டிருக்கலாமே என்ற நல்லெண்ணம்.

குருவி அதை அப்படியே நம்பிவிடுகிறது. பிறகு போகிறது, மறுபடி போகிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பில் 5 நாள் வரை முயன்று பார்க்கும். 6-ஆம் நாள் ‘சேர்க்க முடியவில்லை’ என்று உறையில் இருந்த முகவரிக்கே ஒரு மடல் எழுதுகிறது. அந்த முகவரி எது? மலர்@குருவி.லோக்கல்டொமைன். அதாவது அதே கணினிக்குள் ஒரு கோப்பு. அப்படி ஒரு பெட்டி தனக்கு இருப்பதே மலருக்குத் தெரியாது.

பேராசிரியர் பதில் போடவில்லை என்று மாணவிக்கு வருத்தம். மாணவி எழுதவே இல்லை என்று பேராசிரியருக்கு வருத்தம். இடையில் எல்லாரும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார்கள்.

சிக்கலைக் கண்டுபிடித்த மலர், மட் என்ற அஞ்சல் நிரலுக்கு மாறுகிறார். அதன் அமைப்புக் கோப்பில் ஃப்ரம் முகவரியை மலர்@எக்ஸாம்பிள்.காம் என்று எழுதுகிறார். மனிதப் பெயரையும் சேர்க்கிறார். தனக்கே ஒரு நகல் அனுப்பிப் பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் பேராசிரியருக்கு இப்போதும் போகவில்லை. ஏனென்றால் அவர் திருத்தியது தாளை மட்டும். உறையில் பழைய குருவிதான் உட்கார்ந்திருக்கிறது. ‘யூஸ் என்வலப் ஃப்ரம்’ என்ற இன்னொரு சாவியைத் திருகினால்தான் மட், தாளில் உள்ள முகவரியை உறையிலும் எழுதச் சொல்லும். இது முதல்முறை லினக்ஸில் அஞ்சல் அமைக்கும் பெரும்பாலோர் விழும் குழி. சோதனை மடல் உள்ளூரில் சரியாக வந்துவிட்டதால், கோளாறு மறுமுனையில் என்றே எண்ணிக்கொள்வார்கள்.

சாவியைத் திருகும்போது மட் உண்மையில் செய்வது, ‘சென்ட்மெயில்’ என்ற கட்டளையோடு ‘எஃப்’ என்ற சிறு குறியைச் சேர்ப்பதுதான். சென்ட்மெயில் என்பது பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய அஞ்சல் நிரல். 1983 முதல் பெர்க்லி யூனிக்ஸோடு வந்தது. அன்று ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒவ்வொரு முகவரி நடை. யுயுசிபி என்ற தொலைபேசி வழி வலையில் முகவரி என்பதே வழிதான். இந்தக் கணினி, அங்கிருந்து அந்தக் கணினி, அங்கிருந்து இன்னார் என்று ஆச்சரியக்குறி போட்டு நீட்டி எழுத வேண்டும். ஒரு நடையை இன்னொன்றாக மாற்றி எழுதுவதே சென்ட்மெயிலின் பிழைப்பாக இருந்தது. அனுப்புநர் முகவரியை வழியில் மாற்றுவது ஏமாற்று வேலை என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. மொழிபெயர்ப்பு என்றே தோன்றியது. போஸ்ட்ஃபிக்ஸும் எக்ஸிம் என்ற இன்னொரு அஞ்சல் நிரலும் அதன் இடத்தைப் பிடித்த பிறகும், மற்ற நிரல்கள் தடுமாறாமல் இருக்க, அதே பெயரில் ஒரு கட்டளையை வைத்திருக்கின்றன. பழைய சென்ட்மெயில் கொஞ்சம் கோள்சொல்லியும்கூட. சாதாரணப் பயனர் உறையின் அனுப்புநரை மாற்றினால், ‘இன்னார் எஃப் குறியைக் கொண்டு அனுப்புநரை மாற்றினார்’ என்று ஒரு தலைவரியை மடலிலேயே எழுதி அனுப்பிவிடும்.

மட் சரியாகிவிட்டது. ஆனால் அந்தக் கணினியில் மடல் எழுதுவது மலர் மட்டுமல்ல. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ‘கிரான்’ நள்ளிரவில் தானே மடல் போடும். அவர் எழுதிய சிறு நிரல்களும் போடும். ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருப்பதைவிட வாசலிலேயே திருத்துவது மேல். போஸ்ட்ஃபிக்ஸில் அதற்கு ‘ஜெனெரிக்’ என்ற அட்டவணை உண்டு. இடப்பக்கம் உள்ளூர் முகவரி, வலப்பக்கம் வெளியூர் முகவரி, நடுவே இடைவெளி; அவ்வளவே. போஸ்ட்மேப் கட்டளையால் அதை நிரல் படிக்கும் வடிவத்துக்கு மாற்றி, போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பிலும் குறிப்பிட்டால், கணினியை விட்டு வெளியேறும் ஒவ்வொரு மடலிலும் உறை, தாள் இரண்டும் மாறிவிடும். உள்ளுக்குள்ளேயே போகும் மடல்களைத் தொடாது. வீட்டில் கூப்பிடும் பெயர் வீட்டோடு, பள்ளிப் பதிவேட்டுப் பெயர் வெளியே என்ற நம் ஊர் வழக்கத்துக்கு இது வெகு அருகில் வருகிறது.

இத்தனைக்குப் பிறகு மடல் பேராசிரியரைச் சேர்ந்தது. ஸ்பாம் பெட்டியில்.

ரூட்டுக்கு மட்டும் விலக்கு

அதற்குக் காரணம் சொல்லும் முன், ஒரு சிறு கிளைக்கதை. நூறு கணினிகள் உள்ள நிறுவனத்தில் எல்லா முகவரியிலிருந்தும் கணினிப் பெயரை வெட்டிவிட்டு டொமைனை மட்டும் வைப்பது வழக்கம். இதற்கு ‘முகமூடி’ என்றே பொருள்படும் பெயரை சென்ட்மெயிலும் போஸ்ட்ஃபிக்ஸும் வைத்திருக்கின்றன. ஆனால் நிர்வாகக் கணக்கான ரூட்டுக்கு மட்டும் முகமூடி போடாமல் விடுவதற்கு இரண்டிலும் வழி உண்டு. காரணம் எளிது. விடிகாலை 3 மணிக்கு ‘வட்டு நிரம்பிவிட்டது’ என்று ரூட் ஒரு மடல் போட்டால், நூறில் எந்தக் கணினியின் வட்டு என்று தெரிய வேண்டாமா?

ஆட்சியருக்காக

அரசு அலுவலகக் கடிதத்தின் கீழே சில சமயம் ‘மாவட்ட ஆட்சியருக்காக’ என்று போட்டு வேறோர் அலுவலர் கையெழுத்திட்டிருப்பார். மின்னஞ்சலிலும் அதற்கு இடம் உண்டு. மடலுக்கு உரியவர் பெயர் ஃப்ரமில். உண்மையில் அனுப்பியவர் வேறு ஆள் என்றால் அவர் பெயர் ‘சென்டர்’ என்ற தனித் தலைவரியில். முதலாளிக்காகச் செயலாளர் அனுப்பும் மடலையே விதி ஆவணம் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. பதில் மூன்றாவது இடத்துக்குப் போக வேண்டுமானால் ‘ரிப்ளை டு’. ஆக, ஒரே மடலில் உறையையும் சேர்த்து நான்கு வெவ்வேறு முகவரிகள் முறைப்படியே இருக்கலாம்.

தமிழில் பெயர் எழுதினால்

மலர் தன் பெயரைத் தமிழிலேயே ஃப்ரம் வரியில் எழுத விரும்பினால்? தலைவரிகளில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே போகலாம் என்பது பழைய விதி. எனவே தமிழ்ப் பெயரை அஞ்சல் நிரல் ஒரு மாற்றெழுத்தில் பொதிந்து அனுப்பும். பெறுகிற நிரல் பிரித்துக் காட்டும்.

கணினி ‘மலர்’ என்பதை ம, ல, ர, புள்ளி என நான்கு குறிகளாகப் பார்க்கிறது. யுனிகோடின் பரவலான சேமிப்பு முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். மொத்தம் 12. மாற்றெழுத்து ஒவ்வொரு 3 பைட்டையும் 4 ஆங்கிலக் குறிகளாக்கும், ஆக 16. இதில் ஓர் அழகு ஒளிந்திருக்கிறது. தமிழ் எழுத்துகளுக்கு யுனிகோடு ஒரே தெருவில் வீடு கொடுத்திருப்பதால், ஒவ்வொரு நான்கின் தொடக்கமும் ஒன்றேபோல் அமைகிறது: 4, அடுத்து ஆங்கிலத்தின் கே. ‘ம’வுக்கு 4, கே, 6, யு. இடைவெளி இல்லாத எந்தத் தமிழ்ப் பெயரையும் மடலின் மூல வடிவத்தில் பார்த்தால், நான்குக்கு ஒருமுறை இந்த 4-உம் கே-யும் தாளம் தப்பாமல் வந்துகொண்டிருக்கும். பழகிய கண் பிரிக்காமலே சொல்லிவிடும், உள்ளே இருப்பது தமிழ் என்று.

காவலுக்கு வந்தவர்கள்

மலரின் மடல் ஏன் ஸ்பாம் பெட்டிக்குப் போனது? எக்ஸாம்பிள்.காம் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு கல்லூரிக் கணினி வந்து நிற்கிறது. அந்தப் பெயரைப் பயன்படுத்த அதற்கு உரிமை உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்க இணையத்துக்கு வெகுகாலம் பிடித்தது. முதலில் வந்தது எஸ்பிஎஃப்; 2006-இல் விதி ஆவணமானது. ‘என் பெயரில் மடல் அனுப்பும் உரிமை இந்தக் கணினிகளுக்கு மட்டுமே’ என்று டொமைனின் உரிமையாளர் பொதுப் பதிவேட்டில் எழுதி வைப்பார். இதை அனுப்புரிமைப் பட்டியல் எனலாம். 2007-இல் டிகேஐஎம்: அனுப்பும் சர்வர் மடலின் மேல் கணக்கிட்டு ஒரு முத்திரை பதிக்கும், வழியில் யாராவது மாற்றினால் முத்திரை பொருந்தாது.

இரண்டிலும் ஓர் ஓட்டை. எஸ்பிஎஃப் பார்ப்பது உறையை. டிகேஐஎம் முத்திரையில் இருப்பது முத்திரை குத்தியவரின் டொமைன். வாசகர் கண்ணில் படும் ஃப்ரம் வரியை இரண்டுமே கட்டுப்படுத்தவில்லை. உறையில் தன் சொந்த டொமைனை எழுதி, தாளில் வங்கியின் பெயரை எழுதுகிறவர் இரண்டு காவலையும் கைவீசிக்கொண்டே கடந்துவிடலாம். அதை அடைக்க வந்தது டிமார்க், 2015-இல் ஆவணமானது. உறையின் டொமைனோ முத்திரையின் டொமைனோ, தேறியது எதுவானாலும், அது ஃப்ரம் வரியின் டொமைனோடு பொருந்த வேண்டும் என்கிறது. பொருந்தாவிட்டால் ஏற்கலாமா, ஒதுக்கலாமா, மறுக்கலாமா என்பதையும் டொமைன் உரிமையாளரே சொல்லி வைக்கலாம். 1982-இல் பிரித்த உறையையும் தாளையும் 33 ஆண்டு கழித்து மறுபடி ஒரு நூலால் கட்டிய வேலை இது. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு ஜிமெயிலுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் அமைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. யாகூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு அதே வழியில் விதி வைத்தது.

மலருக்குத் தீர்வு போஸ்ட்ஃபிக்ஸில் ‘ரிலேஹோஸ்ட்’ என்ற அமைப்பு. மடலை நேராகப் பேராசிரியரிடம் கொண்டுபோகாமல், எக்ஸாம்பிள்.காமின் சொந்த அஞ்சல் சர்வரிடம் கடவுச்சொல்லைக் காட்டி ஒப்படைத்துவிட வேண்டும். அது உரிமைப் பட்டியலில் இருக்கும் கணினி. முத்திரையும் அதுவே குத்திவிடும். ஜிமெயிலை இப்படி இடைவழியாக வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் கணக்குக்கு உரியதென்று ஒப்புக்கொள்ளப்படாத முகவரியை ஃப்ரமில் எழுதினால், ஜிமெயில் அதைக் கணக்கின் சொந்த முகவரியாக மாற்றிவிடும்.

மூன்று காவலும் சேர்ந்தாலும் உறுதிசெய்வது டொமைனை மட்டுமே; ஆளை அல்ல. @ குறிக்கு முன்னால் இருப்பது யார் என்பது அந்த டொமைனை நடத்துகிறவரின் பொறுப்பு. கெகோஸ் கட்டத்திலிருந்து வந்த அந்த மனிதப் பெயரையோ இந்த மூன்றில் எதுவும் சோதிப்பதே இல்லை. ‘வங்கி மேலாளர்’ என்று பெயரைப் போட்டு, பின்னால் ஏதோ ஒரு முகவரியை வைத்தால் மூன்று சோதனையிலும் தேறிவிடலாம். கைப்பேசித் திரையில் இடம் போதாதென்று பல செயலிகள் முகவரியை மறைத்துப் பெயரை மட்டும் காட்டுவதால் மோசடிக்காரர்களுக்கு இன்னும் வசதி. இந்த வடிவமைப்பு முடிவு தவறு என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த முறை சொந்த முகவரியிலிருந்து மிரட்டல் வந்தால், கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மடலின் மூன்று புள்ளிப் பட்டியலில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதை அழுத்துங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சோதனைகளின் முடிவு இருக்கும். கீழே ரிட்டர்ன் பாத் வரியைத் தேடி ஃப்ரம் வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பின் கேள்விப்படாத ஏதோ ஒரு டொமைன் அங்கே இருக்கலாம். பணம் அனுப்ப வேண்டாம், பதிலும் போட வேண்டாம். அந்த மடலில் உங்கள் பழைய கடவுச்சொல் ஏதாவது குறிப்பிடப்பட்டிருந்தால், அது எங்கோ கசிந்த பட்டியலிலிருந்து எடுத்ததாக இருக்கும். அதை இன்னும் எங்காவது பயன்படுத்தி வந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.